செர்சூரா மன்றமும் சில பழைய ஃபோர்டு வண்டிகளும்

கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சியின் ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ நாவல் 1992ஆம் ஆண்டு புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. 1996இல் அது திரைப்படமாகி ஒன்பது ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. நாவலை வாசித்த நண்பர்களுக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கும் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரே வகையான சித்திரங்களாகவே இருக்கும்: முகம் கருகிக் கிடக்கும் ஒரு மனிதன், அவன் கையில் ஹெரோடோட்டஸ், குகைச் சுவரில் நீந்தும் உருவங்கள், பிறன்மனை நயந்த காதல். வரைபடங்களும் காற்றின் பெயர்களும் நிறைந்த அந்த நாவலில் எஞ்சின் எண்ணெயின் வாசனை சற்றுக் குறைவு என்பது என் எண்ணம். ஆனால் நாவலுக்குப் பின்னால் இருக்கும் மெய்யான வரலாற்றைத் தேடிச் சென்றால் முதலில் கையில் ஒட்டுவது மசகுதான். கெய்ரோவின் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தவர்கள், ரேடியேட்டரில் கொதிக்கும் ஒரு குவளை நீரைக் காப்பாற்ற வழி தேடியவர்கள், புதைந்த சக்கரத்தின் அடியில் வெறுங்கையால் மணலை அள்ளியவர்கள். அவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் செர்சூரா மன்றம்.

செர்சூரா என்பது இல்லாத ஊர். எகிப்தில் இடைக்காலம் முதல் புழங்கிவந்த புதையல் நூல் ஒன்று அதைப் பற்றிப் பேசுகிறது. புறாவைப் போல வெண்ணிறமான நகரம், கதவில் செதுக்கிய பறவை, உள்ளே உறங்கும் அரசனும் அரசியும், அள்ளக் குறையாத செல்வம். நம் ஊர்களில் மலைக்குகையில் சித்தர் காக்கும் புதையலைப் பற்றிச் சொல்வார்களே, ஏறத்தாழ அந்த வகை. ஆயினும் நைல் நதிக்கு மேற்கே, ஒரு துணைக்கண்டத்தின் பரப்புக்கு விரிந்து கிடந்த லிபியப் பாலைவனத்தின் வரைபடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலும் வெறுந்தாளாகவே இருந்தது. வெறுந்தாளில் எதையும் எழுதிவைக்கலாம் அல்லவா?

‘பாலை’ என்னும் நம் சொல்லை இங்கே பயன்படுத்துவதில் ஒரு சிறு சங்கடம் உண்டு. சிலப்பதிகாரம் சொல்லும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்து தற்காலிகமாக அடையும் ஒரு நிலை. மழை பெய்தால் மீண்டுவிடும். லிபியப் பாலையின் நடுப்பகுதியிலோ ஆண்டுக்கணக்கில் மழை பெய்யாத இடங்கள் உள்ளன. அங்கே பிரிவின் துயரைவிட நீரின் கணக்கே பெரிது. ஒட்டகத்தின் எல்லையும் அந்தக் கணக்கினால்தான் விதிக்கப்பட்டது. கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே ஒட்டகம் தாங்கும் தொலைவுக்கு அப்பால் ஒட்டகத்தால் போக இயலாது. அகமது ஹசனைன் 1923இல் ஒட்டகங்களுடன் சென்று உவைனாத் மலையை வெளியுலகுக்கு அறிவித்தது அந்த எல்லையின் விளிம்பில் நிகழ்ந்த சாதனை. எகிப்திய அரச குடும்பத்தைச் சேர்ந்த கமால் அல்தீன் ஹுசைன் 1920களின் நடுவில் சிட்ரோன் நிறுவனத்தின் அரைச்சங்கிலி வண்டிகளைக் கொண்டுவந்தார். கில்ஃப் கெபீர் பீடபூமிக்குப் பெயரிட்டவர் அவர்தாம். ஆனால் அது இளவரசர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஏற்பாடு.

சம்பளத்தில் வாழும் இளநிலை அதிகாரிகளுக்கு எட்டியது ஃபோர்டு ‘டி’ மாடல். இருபது குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்குள் இறங்கவேண்டும் என்பதால் செங்குத்தான மேட்டில் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றவேண்டிய விசித்திரம். ஆனாலும் எடை குறைவு, தரையிலிருந்து உயரம் அதிகம், ஒரு ஸ்பானரும் கம்பியும் இருந்தால் யாரும் பழுது பார்த்துவிடலாம். முதல் உலகப்போரில் சனூசி இயக்கத்தினரைக் கண்காணிக்க ஆங்கிலேயர் அமைத்த இலகுக் கார் ரோந்துப் படையினர் இந்த வண்டிகளைத்தான் ஓட்டினார்கள். சூரிய நிழலைக் கொண்டு திசை அறிவதையும், ரேடியேட்டரின் நீராவியை வீணாக்காமல் ஒரு தகர டப்பாவில் பிடிப்பதையும் அவர்களே தொடங்கிவைத்தனர். போர் முடிந்ததும் படை கலைந்தது. அந்தக் கைத்திறனை யாரும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

அதை மீட்டெடுத்தவராக வரலாறு ரால்ஃப் பாக்னோல்டைக் குறிப்பிடுகிறது. 1896இல் பிறந்தவர், ராணுவப் பொறியாளர், போருக்குப் பின் கேம்பிரிட்ஜில் படித்து, தகவல்தொடர்புப் படைப்பிரிவுக்கு மாறி, 1926இல் எகிப்துக்கு வந்தார். இலக்கிய அன்பர்களுக்கு இன்னொரு வழியிலும் அவர் அறிமுகமாகலாம்: ‘நேஷனல் வெல்வெட்’ நாவலை எழுதிய ஈனிட் பாக்னோல்டின் தம்பி அவர். கெய்ரோவில் அவருக்கு வாய்த்த தோழர்கள் பெரும்பாலும் அவரைப் போன்ற தகவல்தொடர்புப் படை, டாங்கிப் படை அதிகாரிகள். விடுமுறை நாட்களில் சொந்தச் செலவில் பழைய ஃபோர்டுகளை வாங்கி, சினாய்க்கும் சீவா பாலைச்சோலைக்கும் ஓட்டினார்கள். பிற்பாடு சூடானிய அரசுப்பணியில் இருந்த டக்ளஸ் நியூபோல்ட், பில் கென்னடி ஷா, எகிப்தியப் பாலைநில அளவைத் துறையின் பாட் கிளேட்டன், டாங்கிப் படையின் கை பிரண்டர்காஸ்ட் எனப் பலர் அந்த வட்டத்தில் சேர்ந்தனர். நியூபோல்டும் ஷாவும் 1927இலேயே ஒட்டகத்தில் அந்நிலத்தைக் கண்டவர்கள். ஒட்டகத்திலிருந்து காருக்கு மாறியவர்களின் சொல்லுக்கு அங்கே தனி மதிப்பு இருந்திருக்க வேண்டும்.

இவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்ட நுட்பங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வரலாற்று நூல்கள் இவற்றை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன.

முதலாவது தண்ணீர். மணலில் முதல் கியரில் உறுமிச் செல்லும் வண்டியின் ரேடியேட்டர் விரைவில் கொதிக்கும். கொதித்தால் வழிவாய்க் குழாய் வழியே ஆவி வெளியேறும். வண்டிக்கு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் மனிதனின் தொண்டையிலிருந்து எடுத்தது. பாக்னோல்டும் நண்பர்களும் அந்த வழிவாய்க் குழாயை அடைத்து, ஆவியை ஒரு குழாய் வழியாகப் படியோரத்தில் கட்டிய தகரப் பெட்டிக்குக் கொண்டுசென்றார்கள். பெட்டியில் பாதியளவு குளிர்ந்த நீர் இருக்கும். ஆவி அதில் பட்டுக் கரைந்து நீராகும். பெட்டியின் நீரே கொதிக்கத் தொடங்கினால் வண்டியைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்திக் காத்திருப்பார்கள். ரேடியேட்டர் குளிரக் குளிர உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்டியிலுள்ள நீர் முழுவதும் ‘களக் களக்’ என்ற ஓசையுடன் தானே திரும்ப ஏறிவிடும். எங்கும் கசிவில்லை என்றால் நாட்கணக்கில் ஒரு சொட்டும் சேர்க்கவேண்டியதில்லை. இன்றைய கார்களில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான்.

இரண்டாவது திசை. காந்த ஊசி, இரும்பு வண்டிக்குள் பொய் சொல்லும். கியர் மாற்றினால்கூட விலகும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பத்தடி நடந்து திசை பார்த்து வர யாருக்குப் பொறுமை இருக்கும்? பாக்னோல்ட் செய்தது, கிடைமட்டமான வட்டத் தகட்டின் நடுவில் ஒரு மெல்லிய ஊசியை நட்டு, அதன் நிழலை 360 பாகைகளாகப் பிரித்த விளிம்பில் படிப்பது. சூரியன் நகர நகரத் தகட்டைச் சற்றே திருப்பிக்கொள்ளவேண்டும். ஓட்டுநர் வண்டியை ஓட்டிக்கொண்டே நிழலைக் குறித்த கோட்டில் வைத்திருந்தால் போதும். இரவில் தியோடலைட் கருவியால் விண்மீன்களை அளந்து, வானொலியில் வரும் நேரச் சமிக்ஞையுடன் ஒப்பிட்டு இருப்பிடத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கடலோடிகளின் கலை அப்படியே மணலுக்கு வந்தது.

மூன்றாவதுதான் உடல் வலிக்கும் பகுதி. கெய்ரோவின் காயலான் கடையொன்றில் பாக்னோல்டின் கண்ணில் பட்டவை, முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளின் கூரைக்காகச் செய்யப்பட்ட, ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள எஃகுத் தகடுகள். கால்வாய் போன்று மடிந்தவை. புதைந்த பின்சக்கரங்களின் முன்னால் மணலைத் தோண்டி இவற்றைச் செருகுவார்கள். முன்சக்கரங்களுக்குக் கயிற்று ஏணிகள். ஓட்டுநர் மெதுவாகக் கிளட்சை விடுவார். மற்ற அனைவரும் தள்ளுவார்கள். வண்டி தகட்டின்மேல் ஏறி ஓடத் தொடங்கியதும் ஓட்டுநர் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. கெட்டித்தரை வரும்வரை ஓட்டிக்கொண்டே போகவேண்டும். தள்ளியவர்கள் சூடேறிய அந்தக் கனத்த தகடுகளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் ஓடவேண்டும். ஒரு நாளில் இது எத்தனை முறையும் நிகழலாம். தன் வண்டி, பிறர் வண்டி என்ற பேதம் இந்த வேலையில் தாக்குப்பிடிக்காது. ஒரு வண்டி சிக்கினால் எல்லா வண்டிகளும் நின்றாகவேண்டும், எல்லாக் கைகளும் வந்தாகவேண்டும்.

ஒற்றை வண்டியாக உள்ளே போவதில்லை என்பதும், எல்லா வண்டிகளும் ஒரே தயாரிப்பாக இருக்கவேண்டும் என்பதும் இதன் தொடர்ச்சியே. ஒன்றன் அச்சு முறிந்தால் அதைக் கைவிட்டு, அதன் உறுப்புகளைக் கழற்றி மற்றவற்றுக்கு உயிர் கொடுக்கலாம். ஆட்கள் எஞ்சிய வண்டிகளில் ஊர் திரும்பலாம். 1929 முதல் ‘டி’ மாடலின் இடத்தில் நாற்பது குதிரைத்திறன் கொண்ட ‘ஏ’ மாடல் வந்தது. முன்கண்ணாடி, கூரை போன்ற எடைகள் அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். உடலுக்குப் பதிலாக மரப்பெட்டி பொருத்தினார்கள். டயர்களில் காற்றைக் குறைத்து அவற்றின் தடத்தை அகலப்படுத்தினார்கள். பெட்ரோல் நான்கு காலன் தகரங்களில் வந்தது. மெல்லிய தகரம், குலுக்கலில் கசியும். அதை வைத்துக்கொண்டுதான் ஆயிரம் மைல் கணக்குப் போடவேண்டும்.

எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே கிடக்கும் பெருமணல் கடலின் குன்றுகளைக் காரில் கடக்க இயலாது என்பது அதுவரை பொதுக் கருத்து. பாக்னோல்ட் ஒருநாள் வேகத்தைக் குறைக்காமல் மணற்குன்றை நோக்கி வண்டியைச் செலுத்தினார். வண்டி புதையவில்லை, மிதப்பது போல மேலேறி உச்சியில் போய் நின்றது. காற்று வீசும் பக்கத்தில் மணற்பரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகப் படிந்திருக்கும், அங்கே தரை கெட்டி. மறுபக்கம் சரிந்து விழுந்த மணல், அங்கே தரை கூழ். இதைக் கண்ணால் பிரித்தறியப் பழகிக்கொண்டவர்களுக்கு மணல் கடல் திறந்தது. ஏன் அப்படி என்ற வினா மட்டும் பாக்னோல்டை விடவில்லை. 1935இல் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு காற்றுச்சுரங்கம் கட்டி மணற்பரல்கள் துள்ளுவதை அளந்தார். அதன் விளைவான நூல் 1941இல் வெளிவந்தது. மணலின் இயற்பியலுக்கு இன்றும் அதுவே தொடக்கப் புள்ளி. செவ்வாய்க் கோளில் ‘கியூரியாசிட்டி’ ஊர்தி ஆராய்ந்த குன்றுகளுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருப்பது இந்தக் காரணத்தால்தான். சக்கரம் புதைந்த எரிச்சலிலிருந்து ஓர் அறிவியல் துறை பிறந்ததாகச் சொன்னால் மிகை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

1930ஆம் ஆண்டுப் பயணத்தின் முடிவில், சூடான் எல்லையிலுள்ள வாதி ஹல்ஃபாவில் கிரேக்கர் ஒருவரின் மதுக்கடையில் அமர்ந்து இவர்கள் செர்சூரா மன்றத்தை ஏற்படுத்தினார்கள். இல்லாத ஊரைத் தேடியவர்கள் யாவரும் உறுப்பினர்கள். பின்னர் லண்டனில் ஆண்டுக்கொருமுறை கூடி உண்டார்கள். ராயல் புவியியல் கழகத்தில் தாம் கண்டவற்றை வாசித்தார்கள். செர்சூரா கிடைத்ததா என்றால், 1932இல் ஹங்கேரியரான லாஸ்லோ அல்மாசி, சர் ராபர்ட் கிளேட்டன், விமானப்படை அதிகாரி பெண்டரல், பாட் கிளேட்டன் ஆகியோர் சென்ற பயணத்தில் கில்ஃப் கெபீருக்குள் பசுமையான பள்ளத்தாக்குகளை விமானத்திலிருந்து கண்டார்கள். அதுவே செர்சூரா என்று அல்மாசி நம்பினார். பாக்னோல்டுக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. தேடலே போதும் என்ற மனநிலை அவருடையது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1935இல் வெளியிட்ட பயண நூலின் துணைத்தலைப்பில் பாக்னோல்ட் அந்நிலத்தை இறந்த உலகம் என்று குறித்தார். அது இறந்த உலகமாக இருக்கவில்லை. 1931 ஜனவரியில் இத்தாலியப் படைகள் குஃப்ரா பாலைச்சோலையைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த மக்கள் பெண்கள் குழந்தைகளுடன் பாலைக்குள் ஓடினார்கள். உவைனாத் வழியாக எகிப்தின் தாக்லாவை அடைய முயன்ற அவர்களில் பலர் வழியிலேயே மடிந்தனர். அப்போது அப்பகுதியில் நிலமளந்துகொண்டிருந்த பாட் கிளேட்டன், அளவைப் பணியை நிறுத்திவிட்டுத் தன் கார்களில் அவர்களைத் தேடித் தேடி ஏற்றிவந்தார். மன்றத்தாரின் வண்டித்திறன் எல்லாவற்றிலும் எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுவது அந்த ஓட்டம்தான். அதற்குப் புவியியல் கழகத்தின் பதக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பயணங்களில் உழைத்த சூடானிய, எகிப்திய ஓட்டுநர்களுக்கோ நூல்களில் பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

பின்னர் போர் வந்தது. மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்ட பாக்னோல்ட் 1939 இலையுதிர்காலத்தில் கென்யாவுக்குக் கப்பலேறினார். மத்தியதரைக் கடலில் கப்பல் மோதலுக்குள்ளாகி, அவர் எகிப்தில் இறங்க நேர்ந்தது. தற்செயல் என்று இதைத்தான் சொல்லவேண்டும். பாலையின் உட்பகுதியைக் கண்காணிக்கச் சிறு காரணி ஒன்றை அமைக்கலாம் என அவர் தந்த திட்டம் இருமுறை நிராகரிக்கப்பட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஒரு நண்பர் மூலம் அதைத் தளபதி வேவலின் மேசைக்கு நேரடியாக அனுப்பினார். இத்தாலியர்கள் அங்கே எதுவும் செய்யவில்லை என்றால் என்ன செய்வீர் என்று வேவல் கேட்டாராம். கடற்கொள்ளையர் போல மணலில் கொஞ்சம் கொள்ளையடிக்கலாமே என்றாராம் பாக்னோல்ட். ஆறு வாரம் அவகாசம் கிடைத்தது.

அவர் முதலில் செய்தது பழைய நண்பர்களைத் தேடியது. ஷா ஜெருசலேமில் அருங்காட்சியகத்தில் இருந்தார், கிளேட்டன் தாங்கனிக்காவில். இருவரும் வந்து சேர்ந்தனர். பிரண்டர்காஸ்ட் அடுத்த ஆண்டு வந்தார். வண்டி? ராணுவத்திடம் பொருத்தமானது இல்லை. கெய்ரோ வணிகரிடமிருந்தும் எகிப்திய ராணுவத்திடமிருந்தும் செவ்ரோலெட் லாரிகளைத் திரட்டினார்கள். கதவுகளும் கூரையும் கழற்றப்பட்டன. ஸ்பிரிங்குகளுக்குக் கூடுதல் பட்டைகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஆவிப் பெட்டி, சூரியத் திசைகாட்டி, எஃகுத் தகடுகள். விடுமுறை நாட்களின் விளையாட்டுச் சாமான்கள் அப்படியே படைக்கலப் பட்டியலில் ஏறின. ஆட்கள் நியூசிலாந்துக்காரர்கள், பெரும்பாலும் பண்ணைகளில் வளர்ந்து எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். காலுக்கு நம் வடமேற்கு எல்லைப்புறத்துச் செருப்பு. நெடுந்தூரப் பாலைப் படை என்று பின்னர் பெயர் பெற்ற அந்தச் சிறு அமைப்பின் ரோந்துகள் 1940 செப்டம்பரில் பெருமணல் கடலைக் கடந்தன. இதே முறையில் இந்தியக் குதிரைப்படை வீரர்களைக் கொண்ட ஒரு நெடுந்தூரப் பிரிவும் பிறகு அமைக்கப்பட்டு அவர்களோடு இயங்கியது.

1941 ஜனவரி 31 அன்று ஜெபல் ஷெரீஃபில் நடந்த மோதலில் கிளேட்டன் காயமுற்றுச் சிறைப்பட்டார். வண்டி இழந்த நால்வர் சரணடையாமல் தெற்கு நோக்கி நடந்தார்கள். அவர்களில் ஒருவரான ரொனால்ட் மூர் காயம்பட்ட காலுடன் பத்து நாட்களில் சுமார் 210 மைல் நடந்தபின் பிரெஞ்சுக்காரர்களால் காப்பாற்றப்பட்டார். அந்நிலத்தில் வண்டி என்பதன் பொருள் என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. மார்ச் 1 அன்று குஃப்ரா, லெக்லெர்க்கின் சுதந்திர பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது.

அல்மாசி எதிரணியில் இருந்தார். ஸ்டைர் கார் நிறுவனத்தின் பிரதிநிதியாக எகிப்துக்கு வந்தவர். அந்த மணலை யாரைவிடவும் குறைவாக அறிந்தவர் அல்லர். 1942 மே மாதம், கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் ஃபோர்டு வண்டிகளில் இரண்டு ஜெர்மானிய உளவாளிகளை ஏற்றிக்கொண்டு, லிபியாவின் ஜாலோவிலிருந்து கில்ஃப் கெபீர் வழியாக நைல் கரையிலுள்ள அஸ்யூத் அருகே கொண்டுபோய் விட்டார். வழியில், 1930களின் பயணத்தில் தாமே குகையில் ஒளித்துவைத்திருந்த தண்ணீர்த் தகரங்களைத் தேடி எடுத்தார். நீர் குடிக்கும்படியே இருந்தது. எங்கே கணவாய், எங்கே கெட்டி மணல், எங்கே நிழல் என்பதை எல்லாம் ஒரே தீயைச் சுற்றி அமர்ந்து பகிர்ந்துகொண்ட மனிதர்கள் இப்போது ஒருவரது சக்கரத்தடத்தை மற்றவர் தேடினார்கள். நட்பு முறிந்ததா, துரோகமா என்றெல்லாம் நாவலாசிரியர்கள் எழுதலாம். அறிவைப் பங்கிட்டுக்கொள்ளும்போது இது எந்தக் கொடிக்கு உதவும் என்று எவரும் கேட்டிருக்கவில்லை என்பதே எனக்குத் தெரிவது.

அல்மாசி விமானத்தில் எரியவில்லை. 1951இல் சால்ஸ்பர்க்கில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். பாக்னோல்ட் 1944இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகி, மணலிலிருந்து ஆற்று வண்டலுக்கும் கடலலைக்கும் தன் ஆய்வை நகர்த்தி, 1990இல் 94 வயதில் மறைந்தார். அவரது படையின் செவ்ரோலெட் லாரிகளில் ஒன்று 1980இல் லிபியப் பாலையில் கண்டெடுக்கப்பட்டது. ‘வைகாஹா’ என்ற மாவோரிப் பெயர் கொண்ட அந்த வண்டி லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. அதைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கவில்லை. மணல் அரித்துத் துருவேறிக் கிடைத்த நிலையிலேயே விட்டுவைத்தார்கள்.